எந்தத் தீவுக் குருவி?

கூர்ப்பு என்று சொன்னவுடனே எங்களில் பாதிப் பேருக்கு ஞாபகம் வருவது பாடப்புத்தகத்தில் பார்த்த அந்தப் படம்தான். நாலு குருவித் தலை, நாலு விதமான சொண்டு, கீழே கலாபகோஸ் தீவுகள் என்று ஒரு வரி. கதையும் படத்தோடு ஒட்டியே வரும். டார்வின் என்ற இளைஞர் கப்பலில் போனார், தீவுக்குத் தீவு சொண்டு மாறியிருப்பதைக் கண்டார், அந்த இடத்திலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உயர்தரத்தில் உயிரியல் எடுத்தவர்கள் இதற்கு மேலும் கொஞ்சம் படித்திருப்பார்கள். நாங்கள் கலைப்பீடக்காரர். எங்களுக்கு அந்தப் படத்தோடு பாடம் முடிஞ்சுது.

ஆனால் வரலாறு படிக்கிற ஆட்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கு. ஒரு கதை அளவுக்கு மிஞ்சி அழகாக இருந்தால், "இது எங்கேயிருந்து வந்தது, யார் எழுதி வைத்தது?" என்று கேட்கத் தோன்றும். டார்வினின் குருவிகளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் கதை நல்லாக் குழம்புது. ஏனென்றால் அந்தக் குருவிகளில் பெரும்பாலானவற்றை எந்தத் தீவில் சுட்டது என்று டார்வின் எழுதி வைக்கவேயில்லை.

மேலே போகமுதல் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லவேணும். இந்த நாட்டில் 'இனம்' என்று எழுதினால் வாசிக்கிறவரின் காதில் வேறொன்றுதான் விழும். இந்தக் கட்டுரையில் அது உயிரியல் பொருளில் வருகிறது: தங்களுக்குள் கூடிப் பெருகுகிற, மற்றக் கூட்டங்களோடு இயல்பாகக் கூடாத ஓர் உயிர்க்கூட்டம். ஏர்ன்ஸ்ட் மயர் 1942இல் கொடுத்த வரையறையின் சாரம் இதுதான். அந்தக் கணக்கில் பார்த்தால் இலங்கையில் இருக்கிற மனிதர் அத்தனை பேரும் ஒரே இனம். சரி, அதை விட்டுவிட்டுக் குருவிக்கு வருவோம்.

பீகிள் கப்பல் 1835 செப்டெம்பர் நடுப்பகுதியில் கலாபகோஸை அடைந்தது. டார்வினுக்கு 26 வயது. ஐந்து வாரமளவில் அந்தப் பக்கம் நின்றார்கள், அவர் கால் வைத்தது நாலு தீவில். பறவைகளைச் சுட்டார், தோலை உரித்துப் பாடம் பண்ணினார். இந்தப் பாடம் பண்ணுகிற வேலையை அவருக்குப் பழக்கியவர் ஜோன் எட்மன்ஸ்டன். கயானாவில் அடிமையாக இருந்து, விடுதலை பெற்று, எடின்பரோவுக்கு வந்து குடியிருந்த கறுப்பு மனிதர். 1826இல், மருத்துவம் படிக்கப் போன இடத்தில் பாடத்தில் மனம் ஒட்டாமல் திரிந்த டார்வின், ஒரு கினி காசு கொடுத்து இரண்டு மாதம் நாளுக்கு ஒரு மணித்தியாலம் அவரிடம் பழகினார். அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் கலாபகோஸ் பறவைகள் லண்டன் போய்ச் சேரமுதலே அழுகியிருக்கும். டார்வின் தன் சுயசரிதையில் அவரைப் பற்றி நல்ல விதமாகத்தான் எழுதினார். பெயரை மட்டும் எழுதவில்லை. பின்னால் வந்த ஆய்வாளர்கள் தேடித்தான் அந்தப் பெயரைக் கண்டுபிடித்தார்கள்.

கலாபகோஸில் நடந்த முக்கியமான விசயம் ஒரு பேச்சு. தீவுகளுக்குப் பொறுப்பாக இருந்த உதவி ஆளுநர் நிக்கலஸ் லோசன், ஓர் ஆமையைக் கொண்டுவந்து காட்டினால் அது எந்தத் தீவு ஆமை என்று தன்னால் சொல்ல முடியும் என்று டார்வினிடம் சொன்னார். அங்கே இருந்த ஆட்களுக்கு அது சாதாரண அறிவு, எங்கள் பக்கத்துக் கடற்தொழிலாளிக்கு எந்த மீன் எந்தப் பாரில் படும் என்று தெரிகிற மாதிரி. டார்வின் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அந்த நேரத்தில் இரண்டு தீவுகளில் சேர்த்ததை ஏற்கெனவே ஒன்றாகக் கலந்துவிட்டார் என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார். கப்பலில் ஏற்றிய பெரிய ஆமைகளைத் திரும்பி வருகிற வழியில் சமைத்துத் தின்றார்கள். ஓடுகளைக் கடலில் எறிந்தார்கள். உலகத்தின் மிக முக்கியமான சான்றுகளில் ஒன்று கறியாகிப் போனது என்று சொன்னால் அது மிகைப்படுத்தல் இல்லை.

ஒரேயொரு பறவையில் மட்டும் அவருக்குக் கண் பட்டது. மொக்கிங்பேர்ட் என்கிற, நீண்ட வால் வைத்த சாம்பல் நிறப் பறவை. இரண்டாவது தீவில் இறங்கியபோதே இது முதல் தீவில் கண்டதைப் போல இல்லையே என்று கவனித்து, அதை மட்டும் தீவு வாரியாகக் குறித்து வைத்தார். குருவிகளின் நிலைமை வேறு. அவற்றில் சில குருவி என்றே அவருக்குத் தெரியவில்லை. வெவ்வேறு குடும்பத்துப் பறவைகள் என்று நினைத்தார். தெரியாத ஒன்றுக்கு இடம் குறிக்க எப்படித் தோன்றும்?

1836 ஒக்டோபரில் கப்பல் இங்கிலாந்து திரும்பியது. 1837 ஜனவரியில் டார்வின் பறவைகளை லண்டன் விலங்கியல் சங்கத்துக்குக் கொடுத்தார். அங்கே அவற்றைப் பார்த்தவர் ஜோன் கூல்ட். தோட்டக்காரர் ஒருவரின் மகன், பட்டம் ஒன்றும் எடுக்காதவர், பறவைகளைப் பாடம் பண்ணிப் பாடம் பண்ணியே பறவை நிபுணரானவர். சில நாட்களிலேயே அவர் சொன்னது: நீங்கள் வெவ்வேறு குடும்பம் என்று நினைத்த இவை எல்லாம் ஒரே கூட்டத்தைச் சேர்ந்த ஃபிஞ்ச் குருவிகள், இப்படி ஒரு கூட்டம் வேறெங்கேயும் இல்லை. கொஞ்ச நாளில் மொக்கிங்பேர்ட்டைப் பற்றியும் சொன்னார். அவை ஒரே பறவையின் சின்னச் சின்ன வேறுபாடுகள் இல்லையாம், மூன்று தனித்தனி இனங்களாம்.

அப்போதுதான் டார்வினுக்குத் தலை சுற்றியிருக்க வேணும். குருவிகளும் தீவுக்குத் தீவு வேறாக இருக்குமோ? அதை எதை வைத்துப் பார்ப்பது? அவருடைய மாதிரிகளில் இடம் இல்லை. ஆகவே மற்றவர்களிடம் கேட்டுப் போனார். கப்டன் ஃபிட்ஸ்ரோய், கப்டனின் பணியாள் ஹரி ஃபுல்லர், டார்வினின் சொந்த உதவியாள் சிம்ஸ் கோவிங்டன் ஆகிய மூன்று பேரும் தாங்களும் பறவைகள் சேர்த்திருந்தார்கள், தீவின் பெயரையும் குறித்திருந்தார்கள். கோவிங்டன் கப்பலில் வயலின் வாசிக்கவும் எடுபிடி வேலைக்கும் சேர்ந்த பொடியன். சுடவும் தோல் உரிக்கவும் அவருக்குப் பழக்கியதே டார்வின்தான். ஆசானின் துண்டில் இல்லாத விபரம் சீடனின் துண்டில் இருந்தது.

இடம் தெரிவது ஏன் அவ்வளவு முக்கியம்? அந்தக் காலத்து நம்பிக்கைப்படி ஒவ்வோர் இனமும் அதனதன் இடத்துக்குப் பொருத்தமாகப் படைக்கப்பட்டது, மாறாதது. அப்படியென்றால் பக்கத்துப் பக்கத்தில், ஒரே எரிமலைக் கல், ஒரே வெயில், ஒரே உயரத்தில் இருக்கிற தீவுகளில் ஒரே பறவைதானே இருக்கவேணும்? தீவுக்கொன்று எதற்கு? அதோடு, அவை எல்லாம் ஏன் தென் அமெரிக்கக் கரையில் இருக்கிற பறவைகளின் சாயலில் இருக்கவேணும்? கரையிலிருந்து எப்போதோ ஒரு கூட்டம் வந்து சேர்ந்தது, தீவுகளில் பிரிந்து நின்றது, ஒன்றோடொன்று கலக்க வழியில்லாமல் தலைமுறை தலைமுறையாக விலகிப் போனது என்று வைத்தால் இரண்டு கேள்விக்கும் ஒரே பதில். ஆனால் 'இது இந்தத் தீவு, அது அந்தத் தீவு' என்ற விபரம் கையில் இல்லாவிட்டால் கேள்வியே எழாது. பெட்டி நிறைய விதவிதமான குருவி இருக்கும், அவ்வளவுதான். 1837 ஜூலையில் டார்வின் ஒரு புதுக் கொப்பி திறந்தார். அதில்தான் கிளை விட்டுப் பிரிகிற அந்தப் பெயர்பெற்ற மரத்தைக் கீறினார். கலாபகோஸை விட்டுப் புறப்பட்டு ஏறக்குறைய இரண்டு வருசம் ஆகியிருந்தது.

இதையெல்லாம் மாதிரிகளையும் குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரித்துக் காட்டியவர் ஃபிராங்க் சலோவே என்ற அறிவியல் வரலாற்றாளர், 1982இல். 1859இல் வந்த 'இனங்களின் தோற்றம்' நூலில் டார்வின் கலாபகோஸ் பறவைகளைப் பற்றிப் பேசுகிறார், இந்தக் குருவிகளைப் பெயர் சொல்லி எடுத்துப் பேசவில்லை. அவை புகழ் பெற்றது 20ஆம் நூற்றாண்டில், அதுவும் டேவிட் லக் 1947இல் 'டார்வினின் ஃபிஞ்சுகள்' என்ற நூலை எழுதிய பிறகு. எங்கள் பாடப்புத்தகக் குருவிகளின் புகழுக்கு வயது அவ்வளவுதான்.

டார்வின் தவறவிட்ட இந்தப் பழக்கத்தைத் தொழிலாகவே வைத்திருந்தவர் அல்ஃபிரட் ரசல் வொலஸ். அவருக்கு டார்வினைப் போல அப்பாவின் காசு இல்லை. 14 வயதில் பாடசாலையை விட்டவர். 1848இல் அமேசனுக்குப் போய், பூச்சியும் பறவையும் பிடித்து, லண்டனில் இருந்த முகவர் சாமுவேல் ஸ்டீவன்ஸ் மூலம் விற்றுச் சீவித்தார். 1852இல் திரும்பி வரும்போது நடுக்கடலில் கப்பல் எரிந்தது. கூட இருந்த மாதிரிகளும் குறிப்புகளும் பெரும்பாலும் நாசம். ஸ்டீவன்ஸ் முன்யோசனையாகக் காப்புறுதி செய்து வைத்திருந்ததால் கொஞ்சப் பணம் கிடைத்தது. அந்த வருசம் டிசம்பரில், கையில் மிஞ்சியதை வைத்து, அமேசன் குரங்குகளைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். எங்களைக் கேட்டால் அவருடைய எழுத்துகளில் மிகவும் குறைவாகப் பேசப்படுகிற நல்ல எழுத்து அதுதான். நூதனசாலைகளில் ஒரு குரங்கின் இடம் என்று கேட்டால் 'பிரேசில்', 'தென் அமெரிக்கா' என்று எழுதியிருக்கிறார்கள், இதை வைத்து என்ன செய்வது என்று அதில் குறைபட்டுக்கொள்கிறார். அமேசனின் இந்தக் கரையில் ஒரு குரங்கு, அந்தக் கரையில் அதற்கு நெருங்கிய உறவான இன்னொன்று. ஆறுதான் எல்லை. 'பிரேசில்' என்று எழுதினால் அந்த எல்லை மறைந்துபோகும். வேட்டைக்காரருக்கு இது தெரியும், நூதனசாலைக்குத் தெரியாது.

1854இல் மலாய்த் தீவுக்கூட்டத்துக்குப் போனார். எட்டு வருசம். ஒரு லட்சத்து இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட மாதிரிகள், பெரும்பாலானவை பூச்சிகள். இவற்றை ஒரு மனிதன் சேர்க்கவில்லை. 1855இல் சரவாக்கில் அலி என்ற மலாய்ப் பொடியன் வேலைக்குச் சேர்ந்தான். முதலில் சமையல், பிறகு சுடுவது, தோல் உரிப்பது, பிறகு தனியாகவே போய்ச் சேர்த்துக்கொண்டு வருவது. 1858இல் பச்சான் தீவில், தோளிலிருந்து இரண்டு பக்கமும் வெள்ளை இறகு நீட்டிக்கொண்டு நிற்கிற ஒரு சொர்க்கப் பறவையைச் சுட்டுக் கொண்டுவந்தவர் அலி. விஞ்ஞானத்துக்கு அது புதுப் பறவை. அதற்கு லண்டனில் வைத்த பெயரில் வொலஸ் இருக்கிறார். பிரியும்போது வொலஸ் அலிக்குப் பணமும் துவக்கும் கொடுத்தார், 1862இல் சிங்கப்பூரில் எடுத்த படம் ஒன்று இருக்கு, தன் நூல்களில் பெயர் சொல்லி நன்றியும் எழுதினார். எட்மன்ஸ்டனுக்குக் கிடைத்ததைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் 'அலி' என்பதற்கு மேல் முழுப் பெயர் என்ன என்பது பதிவில் இல்லை.

அந்த 1858 பெப்ரவரியில்தான் காய்ச்சலில் கிடந்த வொலஸுக்கு இயற்கைத் தேர்வு என்ற எண்ணம் உதித்தது, டார்வினுக்கு எழுதினார், ஜூலை முதலாம் தேதி இரண்டு பேரின் எழுத்தும் லண்டனில் ஒன்றாக வாசிக்கப்பட்டது. யார் முதல் என்ற சண்டையில் எங்களுக்குப் பெரிய ஆர்வம் இல்லை. இரண்டு பேரும் வந்து சேர்ந்த பாதை ஒன்று என்பதுதான் பார்க்கவேண்டியது. இரண்டு பேருக்கும் தீவு, இரண்டு பேருக்கும் இடப்பெயர் எழுதிய துண்டு.

இருந்தாலும் ஓர் இனம் உண்டாவதை அவர்கள் இரண்டு பேருமே கண்ணால் காணவில்லை. அது மெதுவாக நடக்கிற காரியம், மனித ஆயுளுக்குள் பார்க்க முடியாது என்றுதான் டார்வின் நினைத்தார். 1973இல் பீற்றர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற தம்பதியர் கலாபகோஸில் டஃப்னே மேஜர் என்ற சின்னத் தீவுக்குப் போனார்கள். வருசா வருசம் போனார்கள், நாற்பது வருசமளவில். அவர்கள் செய்த வேலையை ஒரு வரியில் சொல்லலாம்: ஒவ்வொரு குருவிக்கும் காலில் இலக்கம் போட்ட வளையம் மாட்டினார்கள். செத்த பறவைக்கு லண்டனில் ஒட்டுகிற துண்டு இங்கே உயிரோடு பறக்கிற பறவையின் காலில் ஏறியது. எந்தக் குருவி யாரின் பிள்ளை, யாரோடு சோடி சேர்ந்தது, சொண்டு எத்தனை மில்லிமீற்றர் என்று எல்லாம் கணக்கில்.

1977இல் மழை பொய்த்தது. சின்ன விதைகள் தீர்ந்தன. மிஞ்சியதில் பெரும்பகுதி, எங்கள் ஊர் நெருஞ்சிக்கு உறவான ஒரு செடியின் கடினமான முள்ளுக்காய் போன்றவை. அதை உடைக்க மொத்தமான சொண்டு வேணும். நடுத்தரத் தரைக் குருவிகளில் 85 வீதமளவு செத்தன. தப்பியவற்றில் பெரிய சொண்டுக்காரர் அதிகம். அடுத்த தலைமுறையின் சராசரிச் சொண்டு 4 வீதமளவு தடித்திருந்தது. இயற்கைத் தேர்வு ஒரே ஒரு வரட்சியில், அளவுகோலுக்குள் அகப்பட்டது.

ஆனால் சொண்டு தடிப்பது புது இனம் ஆகாது. இனம் பிரிய, கலப்பு நிற்கவேணும். அதற்கு ஆறோ கடலோ குறுக்கே கிடக்கத்தான் வேணுமா? இதற்கு விடை 1981இல் பறந்து வந்தது. டஃப்னேயில் முன்பு காணாத, உருவத்தில் பெரிய ஓர் ஆண் குருவி. 5110 என்று வளையம் போட்டார்கள். அது பாடியதும் வேறு பாட்டு. உள்ளூர்த் தரைக் குருவிப் பெண்ணோடு சோடி சேர்ந்தது, பிள்ளைகள் வந்தன. இந்தக் குருவிகளில் மகன் தகப்பனின் பாட்டைக் கேட்டுத்தான் பழகுவான். தகப்பனின் பாட்டோ அந்தத் தீவில் யாருக்கும் பழக்கமில்லாத பாட்டு. கொஞ்சத் தலைமுறையில் இந்தப் பரம்பரை தங்களுக்குள் மட்டுமே சோடி சேரத் தொடங்கியது. மற்றவை அதே செடியில், அதே கல்லில், பக்கத்திலேயே இருந்தன, ஆனால் கலக்கவில்லை. இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் வந்த வரட்சியில் ஓர் அண்ணனும் தங்கையும் மட்டும் மிஞ்சி, அவற்றிலிருந்து கூட்டம் மீண்டும் பெருகியது. வேலியாக நின்றது ஒரு பாட்டும் ஒரு சொண்டும்.

5110 எங்கேயிருந்து வந்தது? முதலில் பக்கத்தில் உள்ள சாந்தா குரூஸ் தீவாக இருக்கும் என்று கிராண்ட் தம்பதியர் எண்ணினார்கள். எடுத்து வைத்த இரத்த மாதிரிகளில் மரபணுவைப் படித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில் விடை மாறியது. அது நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிற எஸ்பனோலா தீவின் பெரிய கள்ளிக் குருவி. லோசன் ஆமையைப் பார்த்துச் சொன்னதை இப்போது இரத்தம் சொல்கிறது. அதையும் எடுத்து, இலக்கமிட்டு, பத்திரப்படுத்தி வைத்திருந்ததால் சொல்கிறது.

இது தூரத்துக் கதை என்று நினைக்கவேண்டாம். எங்கள் மலைகளிலும் இதே விசயம் நடந்திருக்கு, குருவிக்குப் பதிலாகத் தவளை. இலங்கையின் புதர்த்தவளைகளுக்குத் தண்ணீரில் நீந்துகிற வால் வைத்த குஞ்சுப் பருவம் கிடையாது. ஈரமான இடத்தில் இட்ட முட்டைக்குள்ளேயே வளர்ந்து குட்டித் தவளையாக வெளியில் வரும். குளமோ ஓடையோ தேவையில்லை, ஈரக் காடு இருந்தால் போதும். குளிர்ந்த ஈர மலை அவற்றுக்குத் தீவு மாதிரி, இடையில் இருக்கிற சூடான பள்ளம் கடல் மாதிரி. ஆகவே நக்கிள்ஸ் மலையில் ஒன்று, மத்திய மலையில் ஒன்று, றக்வானை மலையில் இன்னொன்று என்று பிரிந்து பிரிந்து போயின. மாதவ மீகஸ்கும்புர, ரொகான் பெத்தியாகொட முதலானோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு, இந்தச் சின்ன நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட இனம் இருப்பதாகக் காட்டியது. 2005இல் ஒரே தடவையில் 35 புது இனங்களை விவரித்தார்கள்.

அதே வேலையில் அவர்கள் 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நூதனசாலைகளுக்குப் போன பழைய மாதிரிகளையும் எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் பல இன்று காட்டில் தேடிப் பிடிக்கிற எந்தத் தவளையோடும் பொருந்தவில்லை. பதினைந்துக்கு மேற்பட்ட இனங்கள் அற்றுப்போனவை என்று பட்டியலில் ஏறின. ஓரிரண்டு பிறகு திரும்பக் கிடைத்தன. 1853இல் கெலார்ட் நுவரெலியாவிலிருந்து விவரித்த ஒன்று, ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு சிவனொளிபாதமலைக் காட்டில் அகப்பட்டது. மற்றவற்றைக் காணவில்லை.

காணாமல் போன காலம் எங்களுக்குத் தெரிந்த காலம்தான். முதலில் கோப்பி, பிறகு தேயிலை. மலைக்காட்டை வெட்டவும் தோட்டம் போடவும் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, மன்னாரில் இறங்கி, மலைவரைக்கும் நடந்துபோன எங்கள் சனத்தில் எத்தனை பேர் வழியில் செத்தார்கள் என்பதற்கே திருத்தமான கணக்கு இல்லை. அந்தக் காட்டில் இருந்த தவளையை யார் எண்ணினார்கள்?

கலாபகோஸில் ஃப்ளோரியானா தீவின் மொக்கிங்பேர்ட் இன்று அந்தத் தீவில் இல்லை, பக்கத்தில் இருக்கிற இரண்டு குட்டித் தீவுகளில் மட்டும் மிஞ்சியிருக்கு. அதைத் திரும்பக் கொண்டுபோய்க் குடியேற்றுவது பற்றி யோசித்தபோது, 1835இல் டார்வினும் ஃபிட்ஸ்ரோயும் சுட்ட பறவைகளிலிருந்து மரபணு எடுத்து ஒப்பிட முடிந்தது. தீவின் பெயர் குறித்திருந்த பறவைகள் அவை. எங்கள் புதர்த்தவளைகளில் குந்தர் 1850களிலும் 60களிலும் லண்டனில் இருந்து விவரித்த சிலவற்றுக்கு, எந்த மலை, எந்தப் பள்ளத்தாக்கு, எந்த ஆற்றின் எந்தக் கரை என்று பார்க்கப் போனால், இடம் என்று எழுதியிருப்பது ஒரே ஒரு சொல்: சிலோன்.